குண்டனிடம் சொல்லி அனுப்பிய சேதி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், நீ எங்களிடம் விட்டுப்போன உன் பூனை குண்டனும் இன்றைக்கு நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். 'இன்றைக்கு' என்றதும் பதறாதே, முழுதும் படி.

குண்டனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து காலையும் மாலையும் ஏழு மணிக்குச் சாப்பாடு, உடனே இன்சுலின் ஊசி. காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்ப்பது அப்பா, ஊசி மட்டும் யார் கை ஒழிகிறதோ அவர். போன வாரம் எங்களுக்குள் சண்டை. கால் ஆடுகிறதாம், அதனால் நான் தைக்க உட்காரும் முக்காலியை என்னைக் கேட்காமலே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் சண்டைதான் உனக்குத் தெரியுமே, எல்லாம் பூனை வழியாகத்தான். "குண்டா, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன், "பசியில்லைன்னு சொல்லுடா" என்பார். வெள்ளிக்கிழமை காலையும் ஊசியைப் போட்டுவிட்டு, "போட்டாச்சுன்னு சொல்லிடு" என்று அவனிடமே சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். அப்பா குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்தவர், நான் கோபத்தில் மறந்துவிட்டேன் என்று தானும் ஒரு ஊசி போட்டுவிட்டார்.

நான் திரும்பியபோது குண்டன் கால் பின்னித் தள்ளாடினான். மீட்டரில் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அப்போதுதான் அப்பாவிடம் வாயைத் திறந்து கேட்டேன், இரண்டு ஊசி போயிருக்கிறது என்று தெரிந்ததும் இருவருக்கும் உயிரே போய்விட்டது. ஈறில் தேனைத் தடவி, கூடையில் வைத்து டாக்டரிடம் ஓடினோம். டிரிப் ஏற்றினார்கள். அப்பா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "நம்மள நம்பித்தானே விட்டுட்டுப் போனா, அவகிட்ட என்னன்னு சொல்வேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சாயங்காலம் குண்டன் எழுந்து அவர் விரலையே கடித்தான், மனுஷன் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். இப்போது போட்டவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், எத்தனை சண்டையானாலும் ஊசி விஷயத்தை நேரில்தான் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. அப்பா தடுத்தும் நீ கிளம்பிப் போய் ஒரு வருஷமாகிறது. போனில் நீ "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லும்மா" என்கிறாய், அவர் பக்கத்திலிருந்து "சாப்பிட்டாளான்னு கேளு" என்கிறார். நடுவில் நானும் ஒரு குண்டன்தான். அடுப்பு வேலையில் பாதியைச் சொல்கிறேன், பாதியை மறந்துவிடுகிறேன்.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை என் போனுக்குக் கூப்பிடாதே, நான் எடுக்கமாட்டேன். அப்பா தன் போனைத் துடைத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் அம்மா