வாசற்படியில் உடையாத கிட்டார்

திருவெறும்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இளவரசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீ சுகமாக இருப்பது தெரியும், உன் சுகத்தை இப்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் வந்து எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேணிக்கு ஸ்ரீரங்கத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, இனி உன் அக்காவுக்கு பஸ் அலைச்சல் இல்லை. அப்பாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் இடது கண்ணில் புரை, ஆடி கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் போனில் சொல்ல வாயெடுத்தால் ரிகர்சல் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் தபாலில் போடுகிறேன், இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று நினைக்கிறேன்.

போன வாரம் உன் ரசிகர்கள் ஒரு கார் நிறைய வந்தார்கள். பெங்களூர்ப் பையன்கள், கூட கனிஷ்கா என்று ஒரு சென்னைப் பெண். வந்ததும் அந்தப் பெண் என் காலில் விழுந்தது. அண்ணாவைப் பெத்தவங்களைப் பாக்கணும்னுதான் வந்தோம்மா என்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேணியும் அன்றைக்கு வந்திருந்தாள், அடை வார்த்துக் கொடுத்தோம். உன் கிட்டார்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும், பெருமாள் நகையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். எவர்சில்வர் குடம்போல மின்னுகிற அந்த இரும்பு உடம்புக் கிட்டார் எந்த வருஷத்தது, அதை உனக்கு முன்னால் யார் யார் வைத்திருந்தார்கள், எதில் எந்த ஆணி மாற்றியது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உனக்கு ஒரு அக்கா உண்டு என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கழுத்தில் விரிசல் விழுந்த பழைய கிட்டார்தான் உசத்தியாம், அண்ணா அதைக் கையில எடுத்தாலே ஹால் மொத்தமும் எழுந்து நின்னுடும்மா என்றது கனிஷ்கா. அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போனது. அப்பா கடைக்குப் போயிருந்தவர் உள்ளே வந்தார். யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஒரு பையன் போனைத் தூக்கி அவரைப் படம் பிடிக்க ஆரம்பித்தான். அப்புறம் அந்தப் பெண் மெதுவாக என்னைக் கேட்டது, அந்தக் கிட்டாரை அப்பா எந்த இடத்துலம்மா உடைச்சாங்க என்று.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ மேடையில் பேசியதைப் போனில் போட்டுக் காட்டினார்கள், வேணி தமிழில் சொன்னாள். பதினோராம் வகுப்பில் நீ வாசிப்பது பிடிக்காமல் அப்பா குடித்துவிட்டு வந்து உன் கிட்டாரை வாசற்படியில் அடித்தாராம், அந்த விரிசலுக்குத்தான் நீ இன்னமும் பதில் வாசிக்கிறாயாம். சிகாகோவில் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், சிலர் கண்ணைத் துடைக்கிறார்கள். என் மகனே, நீயும் துடைத்துக்கொண்டாய்.

நான் வாயைத் திறக்கும் முன் உன் அப்பா சொல்லிவிட்டார், ஆமாம்மா, நான்தான் உடைச்சேன், இந்தப் படியிலதான் என்று. கையைக் காட்டியும் விட்டார். நீ பதினொன்று படித்தபோது நாம் இருந்தது கைலாசபுரம் பேக்டரி குவார்ட்டர்ஸில். இந்த வீட்டுக்கு அப்போது அஸ்திவாரம்கூட எடுக்கவில்லை. அது அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியும், படியில் உட்கார்ந்தும் தடவியும் படம் எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கும்பிட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பாராமல் காரில் ஏறினார்கள். வேணி அழுதுகொண்டே சண்டை பிடித்தாள், ஏம்ப்பா இப்படிப் பொய் சொன்னீங்க என்று. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, எம் புள்ள பொய் சொல்றான்னு நான் எப்படிம்மா சொல்லுவேன் என்றார். நீ பேசியதைப் போன தீபாவளிக்கே கேட்டுவிட்டாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். பாட்டு நல்லா இருந்துச்சு என்றார்.

இளவரசா, அந்தக் கிட்டார் கழுத்தில் எங்கே வைத்து விரிசல் விழுந்தது என்று உனக்குத் தெரியாதா? காலேஜ் போட்டிக்கு வாசிக்கப் போய்விட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு இறங்கும்போது கிட்டார் நழுவிப் படிக்கட்டில் அடிபட்டது. நீ தேம்பிக்கொண்டு வந்து நின்றாய். ஷிப்ட் முடித்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் அதைத் துணியில் சுற்றிப் பொன்மலையில் உன் கிட்டார் வாத்தியார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கிட்டாரே பெனடிக்ட் வாத்தியாருடையதுதானே, கொடுக்க மனசில்லாதவரிடம் ஞாயிறுதோறும் போய் நின்று உனக்காக வாங்கி வந்தவர் யார்? வாத்தியார் பசை வைத்து இறுக்கிக் கட்டினார். அது காய்கிற வரைக்கும் வேலை விட்டு நேரே அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் உன் அப்பா. குடிக்கிற பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நீ வாசிக்கிற ப்ளூஸ் என்றால் அமெரிக்காவில் அடிமைகளாக அடிபட்டவர்கள் பாடிய பாட்டு என்று வேணி சொன்னாள். அவர்கள் பட்டது நிஜம், பாடினார்கள். உனக்குப் படுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பெற்றவரைப் பிடித்துக்கொண்டாயா? அந்தப் பிள்ளைகள் போட்ட படத்துக்குக் கீழே அவரை என்னென்னவோ திட்டி எழுதியிருக்கிறார்கள், வேணி படித்துக் காட்ட மறுத்துவிட்டாள். பேக்டரியில் அவரோடு வேலை பார்த்த ஜெயக்குமார் டீக்கடையில் வைத்து, என்ன பிச்சமுத்து, பையனை அடிப்பியாமே என்று சிரித்தாராம். அதிலிருந்து காலை நடையை நிறுத்திவிட்டார். வாசலில் யாராவது போனோடு நிற்பார்களோ என்று கொல்லைப்பக்கமாகப் போய் வருகிறார். தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போடுவார். நீ மேடையேறி உண்மையைச் சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கைதட்டிய கூட்டத்தின் முன் அது உன்னால் முடியாது, உன்னைப் பெற்ற எனக்குத் தெரியும். ஒன்று செய். கதை வேண்டும்தான் என்றால் இனிமேல் அம்மா உடைத்தாள் என்று சொல்லு. அடுப்பு எரிக்க உடைத்தாள் என்று வேண்டுமானாலும் சொல்லு. யார் வந்து கேட்டாலும் ஆமாம் என்று சொல்கிறேன், எந்தப் படியைக் காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன், எனக்குக் கூசாது. அவரை விட்டுவிடு.

குளிரில் விரல் விறைக்க விடாதே, வேளைக்குச் சாப்பிடு. ஆபரேஷன் தேதியை வேணி சொல்வாள், அன்றைக்காவது போன் செய்து அப்பாவிடம் கொடுக்கச் சொல். வயலூர் முருகன் உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
பி. செல்லக்கிளி