சிகரெட்டுக்கு இனி எதிர்காலம் இல்லையாம், அண்ணா

என் ஆசை அண்ணா,

நேற்று உன் வருஷத் தெவசம் முடிந்தது. வடை, அவித்த முட்டை, நீ கேட்டுக் கேட்டுச் சாப்பிடும் கருவாட்டுக் குழம்பு எல்லாம் படைத்தோம். கருமாதிக்கு வைத்த மாதிரியே இலை ஓரத்தில் ஒரு சிகரெட்டும் வைத்தேன், பற்றவைத்து. செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் அல்லவா? எது உன் நெஞ்சைத் தின்றதோ அதையே உனக்குப் படைத்தேன். என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?

அந்த நேரம் பார்த்து வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றது. நீ விற்பனைக்குப் போன சிகரெட் கம்பெனியின் மேனேஜர், விழுப்புரத்திலிருந்து. நீ ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தபோது திண்டிவனத்துக்கு வழி தெரியாமல் இருந்தாரே, அதே மகாராசன். மாலை பெரிசு. முகத்தில் துக்கம் அதைவிடப் பெரிசு. மனுஷன் மதித்து வந்திருக்கிறாரே என்று நான்கூட ஓடிப்போய் நாற்காலி போட்டேன்.

காப்பியில் பாதி குடிப்பதற்குள் துக்கம் காய்ந்துவிட்டது. "சிகரெட்டுக்கு இனிமே ஃபியூச்சர் இல்லம்மா," என்றார் அண்ணியிடம். "பேங்க்காரரு, வாத்தியாரு எல்லாம் விட்டுக்கினு வர்றாங்க. பஸ்ல குடிக்கக் கூடாதுன்னு எழுதிப் போட்டுட்டாங்க. வூட்ல பொம்பளைங்க திட்றாங்க. எங்களுக்கு ஒரே பேஜாரு." அழாத குறை. ஜனங்கள் இருமாமல் இருக்க ஆரம்பித்துவிட்டார்களே என்று ஒருவன் கண் கலங்கி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துவிட்டேன்.

அப்புறம் பையிலிருந்து புதுச் சரக்கு வெளியே வந்தது. பளபளவென்று ஒரு சின்னப் பொட்டலம், உள்ளே பாக்குத் தூளும் புகையிலையும். "புகை இல்ல, நாத்தம் இல்ல, மாமியாருக்குக்கூடத் தெரியாது. டிவியில விளம்பரம் வேற வரப்போவுது. இதாம்மா ஃபியூச்சர்!" நடவுக்குப் போகும் பெண்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், மயிலம் காலேஜ் பிள்ளைகள், மரக்காணத்தில் கடலுக்குப் போகிறவர்கள், ஒருத்தரையும் விடவில்லை. பெண்களிடம் கொண்டுபோக ஒரு பெண் வேண்டுமாம். அதனால் ஏஜென்சியை அண்ணிக்கே தருகிறாராம். போர்டில் உன் போட்டோவைப் போட்டுக்கொள்ளலாமாம், மரியாதைக்கு. தூ!

இப்போது துப்புகிறேனே, நேற்று நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒத்துக்கங்க அண்ணி, ரெண்டு பொண்ணுங்கள கரையேத்தணும் இல்ல," என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

அண்ணி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு கடைக்குக் கடை மொதல்ல தானே பத்தவச்சிக் காட்டுவாரு சார். நீங்க போட்ட ரூலுதான அது?"

கடைக்காரன் நம்ப வேண்டுமென்றால் விற்கிறவன் அவன் எதிரே நின்று இழுத்துக் காட்ட வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் எத்தனை கடை, அண்ணா! டை கட்டிக்கொண்டு என் பெட்டிக்கடை வாசலில் நீ புகை விடும்போது, கடையில் தொங்கும் நெருப்புக் கயிற்றை நான்தான் உன் பக்கம் நீட்டுவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அண்ணி பொட்டலத்தைக் கிழித்து அவர் பக்கம் நீட்டினார். "நீங்க இத்த வாயில போட்டுக்கினு காட்டுங்க சார். நான் ஏஜென்சி எடுக்கறேன்."

மேனேஜர் சிரித்து மழுப்பினார். "எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லம்மா. சிகரெட்டுகூடத் தொட்டதில்ல. வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

கேட்டாயா அண்ணா? தொட்டதில்லையாம்! ஊரெல்லாம் உன்னை இழுக்கவைத்துவிட்டு, துரைக்கு வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். இத்தனை வருஷம் அவரோடு வேனில் போனாயே, இது உனக்குத் தெரியுமா? தெரிந்தும்தான் சும்மா இருந்தாயா?

"அப்ப ஜல்தி கெளம்புங்க சார்," என்றார் அண்ணி. உன் போட்டோவிலிருந்து அந்த மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். "இத்தயும் எடுத்துக்கினு போங்க." அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

கார் போனதும் கிழித்த பொட்டலம் என் பக்கம் திரும்பியது. "நீ போட்டுக் காட்டறியா தம்பி? நீதான ஒத்துக்கச் சொன்ன?"

நான் தலையைத் தூக்கவில்லை. "பொண்ணுங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"மல்லாட்டை மில்லுக்குக் கடல ஒடைக்கப் போய்க்கினுதான இருக்கேன்? போறேன். இந்த எழவ வித்து அதுங்களுக்குச் சோறு போட மாட்டேன்." இலையில் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் போட்டார். சுர்ரென்று அணைந்தது.

இன்று காலை கடை திறந்ததும் அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சாக்கடையில் எறிந்தேன். முதல் ஆள் வந்து நின்றான். "சிகரெட்டு குடு, நெருப்பு எங்க?" என்றான். ரெண்டும் இல்லை என்றேன். பைத்தியமா என்பது போலப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனான். போகட்டும். மிட்டாயும் வாழைப்பழமும் விற்று நான் பிழைத்தால் பிழைக்கிறேன்.

அடுத்த தெவசத்துக்கு உன் இலையில் கருவாட்டுக் குழம்பு இருக்கும், முட்டை இருக்கும். அது இருக்காது, அண்ணா. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போ.

உனக்கு நெருப்பு நீட்டிய தம்பி,
கோதண்டம்