பின்னால் ஓடிய மீட்டர்

அண்ணே,

இன்று காலை வாசலில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மாடியில் சூரியத் தகடு போடுங்கள். மிஞ்சும் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்த யூனிட் உங்கள் பில்லில் கழியும்." தப்பில்லாமல் படித்த சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன். என்ன படித்தோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் கேட்டது இதைத்தானே?

பிள்ளைப்பாக்கத்து வயல்களில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தீர்கள். வீட்டில் நாலு எருமை, கொல்லையில் சாணவாயுத் தொட்டி. அந்த வாயுவில் ஆயில் இஞ்சினை ஓட்டி, ஏலத்தில் எடுத்த பழைய மோட்டாருக்கு பெல்ட் மாட்டி, மோட்டாரை வீட்டு லைனோடு இணைத்தீர்கள். மோட்டாரை அதன் வேகத்துக்கு மேல் சுற்றினால் அது கரண்டைத் தின்னாது, கொடுக்கும் என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் நான் நம்பவில்லை. கையைப் பிடித்து மீட்டர் முன்னால் நிறுத்தினீர்கள். மீட்டருக்குள் சுற்றும் தட்டு மெதுவாகி, நின்று, பின்பக்கமாகச் சுற்றியது.

"பாத்தியா, நம்ம எருமை சர்க்காருக்கே கரண்டு குடுக்குது!"

"அப்போ பில்லு எருமை பேருக்கா வரும்ண்ணே?"

சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. "எடுத்ததுக்குக் கணக்கு வெச்சுகினு கீறாங்க இல்ல? குடுத்ததுக்கும் வெக்கட்டும்" என்று மின்வாரியத்துக்கு மனு எழுதினீர்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதினீர்கள்.

மூன்றாவது மனுவுக்கு வாரியத்து ஜீப் வந்தது. நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

"மீட்டரு பின்னால ஓடினத பாத்தீங்களா?"

"பாத்தனே சார்! ரெண்டு கண்ணால பாத்தேன்."

உங்களைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பெருமையாகத்தான் சொன்னேன். ஒருவர் மளமளவென்று எழுதி, தாளை நீட்டினார். "படிச்சிட்டு சாட்சிக் கையெழுத்து போடுங்க."

என் பெயரை மட்டும் கோலம்போல வரையப் பழகியிருந்தேன். டீக்கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, உங்களுக்கும்தான். அந்தத் தாளிலும் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மீட்டரைக் கெடுத்து நீங்கள் கரண்டு திருடியதை நான் நேரில் கண்டதாக அதில் எழுதியிருந்ததாம். லைனை வெட்டினார்கள். மோட்டாரை ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் டீக்கடையில் உங்கள் பெயர் 'கரண்டு திருடன்' ஆகிவிட்டது.

மறுநாள் அந்தத் தாளின் நகலோடு என் வாசலில் நின்றீர்கள். கோபப்படவில்லை.

"படிச்சிட்டுத்தான் போட்டியாப்பா?"

எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே என்று சொல்லியிருந்தால் போதும். என் பொண்டாட்டி பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் தெரியாத ரகசியம் அது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

கையெழுத்து தெரியாமல் போட்டது. தலையாட்டியது தெரிந்தே செய்தது. என் கூச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் மானத்தைக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சில வருடங்களில் போய்விட்டீர்கள். பாடைக்குத் தோள் கொடுக்க வந்தேன். அண்ணி என்னைத் தாண்டிப் பார்த்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

இப்போது மாலை வகுப்புக்குப் போகிறேன். சோப்பு உறை, கடைப் பலகை, எதையும் விடுவதில்லை. பஸ்ஸில் 'ஒரகடம்' என்று முதன்முதலாகப் படித்த அன்று கண்டக்டரிடமே சத்தமாகச் சொன்னேன். "ஆமா பெருசு, ஒரகடம்தான். ஏறு, ஏறு!" என்றார்.

ஒவ்வொரு புதுச் சொல்லையும் உங்களிடம் ஓடிவந்து காட்டத் தோன்றுகிறது. காட்டினால், அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்று உடனே கால் தயங்குகிறது. நீங்கள் இல்லை என்பது அதற்கும் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.