லைட் ஸ்பீடில் ஒரு துப்பட்டா

ஆகஸ்ட் 23, சனி

படுத்தும் தூக்கம் வரவில்லை. வாடிக்கையாளர் ஷமீம் அம்மாவின் மகளுக்கு நாளைக் காலை நிக்காஹ். வெள்ளை உடுப்புக்கு மேலே போட, சிவப்புச் சாயம் ஏற்றிய துப்பட்டா கேட்டிருந்தார். "லைட் ஸ்பீடுல குடுத்துர்றேன்" என்றேன். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்வதுதான். எங்கள் பஜாரில் அதற்கு, இன்றைக்குள் வந்துவிடும் என்று அர்த்தம்.

இன்று முழுக்க மழை. கடைக்குப் பின்னால் சாயக்காரர் கொடியைக் காட்டி, "இன்னும் காயலண்ணா" என்றார். சாயங்காலம் ஷமீம் அம்மாவே வந்துவிட்டார். "எங்கண்ணா உங்க லைட் ஸ்பீடு? சிக்னல்ல மாட்டிக்கிச்சா?" கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துப்பட்டாவைக் கொடியிலிருந்து உருவி, மேலாக அயர்ன் போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டேன். கையில் கனத்தது. தெரிந்தேதான் கொடுத்தேன்.

சாப்பிடும்போது காலேஜில் படிக்கும் மகளிடம் சொன்னேன். "அப்பா, எடை இருக்கற எதுவும் அந்த ஸ்பீடுக்குப் போகவே முடியாது. நீ ஈரத் துணிக்கு வாக்கு குடுத்திருக்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரச் சாயம் வெள்ளையில் பட்டால் எதைப் போட்டுத் துவைத்தாலும் போகாது.

இப்போதுதான் ஷமீம் அம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். துப்பட்டாவைத் தனியே விரித்துப் போடச் சொன்னேன்.

"அய்யோ, ரெண்டையும் ஒண்ணா பெட்டியில வச்சிட்டேனேண்ணா! இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க இவ்வளவு நேரமா ஆகும்?