சோப்புப் போட்டுக் கழுவிய சட்டி

மார்ச் 3, செவ்வாய். ஹட்டன்.

விடியலிலிருந்து தூறல். மு.ப. 9.10, தொ.பே., கண்டி ஆய்வுகூடத்திலிருந்து வசந்தா. உறுதியானது: வட்டவளையில் கிடைத்த பழைய சட்டியின் சில்லில் இருப்பது நல்லெண்ணெய். கூடவே பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனைப் பொருள். பழைய சமையலின் கொழுப்பு மிச்சம் இருந்தாலும் இனிப் பிரித்தறிய முடியாது.

"எலுமிச்சை வாசன சோப்புடா," என்று சிரித்தாள். 

வ. என் வகுப்புத் தோழி, வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். மண்சட்டிக்குள் ஊறிய கொழுப்பைப் பிரித்து, அதில் என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது முப்பது வருட வேலை. துறைமுகத்துச் சாடிகள், அரண்மனைப் பானைகள். எல்லாம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம். தன் ஆட்களின் சட்டி இதுதான் முதல். இடிந்த பழைய லயத்தில் வடிகால் கான் வெட்டும்போது கிடைத்தது; கொஞ்ச நாள் கோயிலில் கழுவி, எண்ணெய் பூசிக் கும்பிடப்பட்டு, தொல்லியல் அதிகாரி வழியாக அவளிடம் போனது. 31ஆம் திகதி அவளுக்கு ஓய்வு. அதன்பின் இயந்திரத்தில் அவளுக்கு முறை கிடையாது.

சட்டி கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் எழுதியவன் நான். 'முன்னோர் சமைத்த சட்டி.' அதைப் படித்துத்தான் கும்பிட்டார்களோ என்று கேட்டேன். நான் எழுதாவிட்டாலும் கழுவியிருப்பார்கள் என்றாள்.

வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை, குடைக்கம்பி.

5, வியாழன். வெயில்.

வ.வுடன் வட்டவளை. பஸ்ஸில் வாய் திறந்து தூங்கினாள். கோயில் சாவி முனியம்மா அத்தையிடம். முன்பு தேயிலைக் கொழுந்து எடுத்தவர். வ. குறை சொல்லவில்லை. எந்த சோப்பு, எந்த எண்ணெய், எத்தனை தரம். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"மண்ணும் கரியுமா எப்படி புள்ள சாமி முன்னுக்கு வைக்கிறது? ரெண்டு தரம் நாரு போட்டு தேச்சேன். தோள்பட்ட வலி இன்னும் போகல."

"அவ வீட்டுச் சட்டிய ஒரு நாளும் இப்படித் தேய்ச்சதில்ல," என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி.

கிடைத்தது ஒரே சட்டிதானா என்று வ. கேட்டாள். இன்னொன்றும் இருந்ததாம், உடைந்தது.

"மூளிச் சட்டிய யாரு கோயிலுக்குள்ள கொண்டாருவா? கெடந்த எடத்துலயே மண்ணத் தள்ளி மூடிட்டோம்," என்றார் அத்தை.

வ. எழுந்துவிட்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

6, வெள்ளி. பனிமூட்டம், பத்து மணிக்கு விலகியது.

அதிகாரி அனுமதிக் கடிதத்துடன் வந்தார். குழி திறந்தாயிற்று. இரண்டு சாண் ஆழத்தில் சட்டியின் அடிப்பாகம், உள்ளே கரி. வ. கையுறை போட்டு எடுத்து அலுமினியத் தாளில் சுற்றினாள். பக்கத்து மண்ணும் ஒரு பொட்டலம், ஒப்பிட. நான் முழங்காலுக்குத் தைலம் பூசியிருந்ததால் என்னைக் கிட்டவே விடவில்லை.

அத்தை மெதுவாகக் கேட்டார்: "கண்டதையும் தின்னாங்கன்னு வந்தா, அதையும் எழுதுவியா புள்ள?"

"வந்தத எழுதுவேன் அத்தே. ஒண்ணும் வரலன்னாலும் எழுதுவேன்."

அத்தை குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டினியாத்தான் கெடந்தாங்கன்னு எங்கம்மா சொல்லும். எதையாச்சும் தின்னாங்கன்னு வரட்டும்."

வ. தாளை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். தேவையில்லாத சுற்று.

19, வியாழன். மழை. மின்சாரம் இரண்டு தரம் போனது.

வ. தொ.பே. மண் மாதிரியின் சோதனை முடிந்தது: கொழுப்பு இல்லை. ஆகவே சட்டியில் ஏதும் வந்தால் அது சட்டியினுடையதே. சட்டி இன்னும் இயந்திரத்துக்குப் போகவில்லை. வரிசையில் முன்னால் ஒரு மாணவியின் வேலை; தள்ளிவைக்கச் சொல்ல வ.வுக்கு மனமில்லை.

அத்தைக்குச் சொன்னேன். முடிவு வரும் நாளில் தானும் கண்டிக்கு வருவாராம். "அந்தப் புள்ள அன்னைக்கி சாப்பிடாது. சோறு கட்டிக்கிட்டு வாரேன்."

அடிப்பாகத்தின் முடிவு: 27, வெள்ளி, பி.ப. 3 மணிக்குப் பிறகு. காலை பஸ்ஸில் நானும் அத்தையும்.