நீர் காட்டிய யன்னல்கள்

நகர நடுவிலுள்ள பெரிய தேவாலயத்தைத் திருத்த வேலைக்காகப் பூட்டிவிட்டார்கள். இன்று அந்த வழியால் போனபோது நனைந்த சீமெந்தின் மணம் மூக்கில் ஏறியது. உடனே உம்முடைய நினைவு. "இஞ்சேரும், கொஞ்சம் நில்லும். அந்த மணிக்கூட்டைப் பாரும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்துவீரே, அதே இடம். நிற்க முடியாமல் நடந்துவிட்டேன். உம்மில் எனக்குக் கோபம். என்னில் அதைவிடக் கோபம். உமக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று ஒரு வருடமாக அந்தரப்படுகிறேன்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் சிநேகிதிகள் நம் இருவருக்கும் ஒரே வேலை. புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் குறொன்லாண்ட் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணி, பிறகு நடை. வீட்டில் இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும். காலில் சக்கரம் கட்டியவள் நான். ஒஸ்லோவின் பழைய தேவாலயங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பதென்று தொடக்கியதும் நான்தான். அதற்கும் எனக்கொரு முறை இருந்தது. முருகன் கோயிலோ கர்த்தர் கோயிலோ, வெளிவீதி சுற்றாமல் உள்ளே போகமாட்டேன். பனியில் சறுக்கிச் சறுக்கி மூன்று சுற்று. ஒருநாள் ஒரு நோர்வேக் கிழவர், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடினார். நீர் வாசற்படியில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தீர்.

"நீர் சுத்தும். நான் இந்தக் கதவைப் பாக்கிறன்" என்பீர். கதவை மட்டுமா பார்த்தீர்? ஒரு செங்கல் தேவாலயத்துக்கு எட்டு மூலை என்று எண்ணிச் சொன்னீர். பத்தடிக்கொரு தரம் ஒரு தூண், ஒரு வளைவு, ஒரு கம்பிக்கதவு. எனக்குப் பொறுமை போய்விடும். நான் இழுக்க, நீர் "ஏன் இப்பிடி ஓடுறீர்? சேர்ச் எழும்பி ஓடிப்போயிடுமே?" என்பீர்.

பழைய ஆக்கர் தேவாலயத்துக்குப் போன நாளைத்தான் மறக்க முடியவில்லை. குன்றின் உச்சியில் கல்லால் கட்டிய தேவாலயம். ஏறும் ஒழுங்கையில் சின்னச் சின்ன மரவீடுகள். அந்த ஏற்றத்தில் நாலுதரம் நின்றீர். "இந்த யன்னல் கண்ணாடி நெளிஞ்சு கிடக்குது, பாத்தீரே? பழங்காலத்துக் கண்ணாடி."

"கண்ணாடி பாக்கவோ வந்தனாங்கள்? இருட்டப்போகுது, வாரும்" என்று கத்தினேன். மேலே போனதும், இன்றைக்கு ஒரு சுற்றாவது வந்தே ஆகவேண்டும் என்று உம்மை இழுத்துக்கொண்டு சுற்றினேன். மறுபேச்சில்லாமல் வந்தீர். உம்முடைய உதடு நீலம் பாரித்திருந்தது. குளிர் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

அந்தப் பனிக்காலம் முடிய முதல் நீர் போய்விட்டீர். செத்தவீட்டன்று அம்மருட்டில் உம்முடைய வீடு நிறையச் சனம். உம்முடைய மகள் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அன்ரி, அம்மாவுக்கு ஹார்ட் வருத்தமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது என்றேன்.

"டொக்டர் ஏற்றம் ஏற வேண்டாமெண்டவர். அம்மா கேக்கேல்லை. உங்களிட்டைச் சொன்னால் நீங்கள் பயந்து கூட்டிக்கொண்டு போகமாட்டியளாம். மூச்சு முட்டினால் ஏதாவது கட்டிடத்தைக் காட்டிப்போட்டு நிப்பாவாம். அன்ரிக்கு அது விளங்கிறேல்லை எண்டு சொல்லிச் சிரிப்பா."

சிரித்தீராம்! ஒரு சொல் சொல்லியிருந்தால் உம்மை ட்ராமில் ஏற்றி, கதிரை தேடி இருத்தி, பொத்திப் பொத்திப் பார்த்திருப்பேன். நீரும் அதற்குத்தான் பயந்தீர் என்பது இப்போது விளங்குகிறது. விளங்கியும் மனம் ஆறவில்லை. இரவும் பகலும் அந்த ஒரு சுற்று காலுக்குள் நிற்கிறது.

வேலையிடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை, "அக்கா, இந்த ஊர்க் கட்டிடங்களைப் பற்றி இவ்வளவு எப்பிடித் தெரியும்?" என்று போன கிழமை கேட்டாள். நெளிந்த கண்ணாடி, எட்டு மூலை, கம்பிக்கதவின் பூ வேலை: இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீர் மூச்சு வாங்க நின்ற இடங்கள்தான்.