போதகர் தமிழ்

ஜனவரி 12, ஞாயிறு. ராஸ் அல் கைமா

செல்வசிங் போதகர் ஆள் பிடிக்கிறார். எழுத்துச் சொல்லித் தருவதெல்லாம் தூண்டில் இரை. நானும் கடற்கரைக்காரன், எனக்கா தெரியாது?

லீவு நாளில் எங்கள் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் வகுப்பு. மதம் பேசக் கூடாது என்று கேம்ப் பாஸ் நிபந்தனை போட்டிருக்கிறார். பேசாமலே பிடிப்பார்கள் இவர்கள். பாடத்தாள் எல்லாம் போதகர் கையால் எழுதியது.

எனக்கு மேல்கட்டிலில் படுக்கிற வீரபாண்டி அண்ணனும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சிவகங்கைப் பக்கம், சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர்.

"தம்பி, எம்பொண்டாட்டி எழுதுறத நீதான வாசிச்சுச் சொல்ற? அதனாலயே அவ அரிசி, பருப்பத் தவிர ஒண்ணும் எழுத மாட்டேங்குறா."

போனில் பேசலாமே? அங்கே பக்கத்தில் மாமியார். இங்கே ரூமில் எட்டுப் பேர். என்னத்தைப் பேச?

நாற்பது வயது வரை ஒரு மனிதனுக்கு எழுத்தே தராத நாட்டை யார் கேட்பது? கடைசியில் ஒரு போதகரா வர வேண்டும்?

பிப்ரவரி 16

அண்ணன் மனைவிக்குத் தானே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்! யாரிடமும் காட்டவில்லை. ரூமே கைதட்டியது. பிரியாணி.

பிப்ரவரி 17

பிரியாணி செரிப்பதற்குள் அண்ணன் மனைவி உமாராணி அக்கா போன். டியூட்டி பஸ் முழுக்கக் கேட்டது.

"யோவ், அங்கன போயி வேதத்துல சேந்து கிறிஸ்தவனாயிட்டியா? முனியய்யாவுக்குக் கெடா நேந்து விட்டிருக்கேன், அத யாரு வெட்டுறது?"

அண்ணன் போனை வாங்கி, அனுப்பியதை வாசித்தேன். 'பிரியமான மனைவியே, உன் சுகசெய்தி அறிய வாஞ்சையாயிருக்கிறேன். கிருபையினால் இங்கே யாவரும் சுகம்.'

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். அண்ணன் சிரிக்கவில்லை. "இனிமே நீயே எழுது தம்பி" என்று போனை என் மடியில் வைத்துவிட்டார்.

சே.

பிப்ரவரி 18

போதகரைத் தேடிப் போய்க் கத்தினேன். "என்ன பைபிள் தமிழ் இது? எந்த மனுஷன் பொண்டாட்டிகிட்ட வாஞ்சையா இருக்கேன்னு சொல்லுவான்?"

கோபப்படுவார் என்று பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "மக்கா, ஒரு வார்த்தை மதம் பேசல்ல பாத்துக்கோ. எனக்கு எழுதத் தெரிஞ்ச தமிழே இதாக்கும். வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் எழுதுதேன்."

பாவம் அந்த அம்மாள்.

"பேசுற மாதிரி நீ சொல்லுடே, நான் எழுதுதேன்" என்றார். ஆள் பிடிக்கிறவன் இப்படியா சிரிப்பான்?

பிப்ரவரி 23

பழைய தாளெல்லாம் குப்பையில். ஆட்கள் சொல்லச் சொல்ல போதகர் எழுதுகிறார். முதல் பாடம்: 'ஏசி ஓடல. யாரக் கேக்க?'

இரண்டாவது பாடத்துக்கு என்ன எழுத என்று போதகர் கேட்டார். வாசலில் நின்றிருந்த வீரபாண்டி அண்ணன் மெல்லச் சொன்னார்: "கோவமா புள்ள?"

எழுதும்போது போதகருக்குக் காது சிவந்துவிட்டது. அண்ணன் வந்து உட்கார்ந்தார். அதையே பார்த்து எழுதி ஊருக்கு அனுப்பினார்.

ஏப்ரல் 6

அடுத்த வாரத்திலிருந்து பாதி வகுப்பு நான் எடுக்க வேண்டுமாம். ஆள் பிடிக்கிறார் என்று சொன்னேனே — பிடிபட்டது நான்தான்.

உமாராணி அக்காவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. நீளம். அண்ணன் மேல்கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி, எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார். சிரிப்பில் தோள் குலுங்குகிறது.

"அரிசியா அண்ணே?"

சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

"பருப்பா?"

போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"இத்தனை நாள் நான்தானே வாசிச்சேன்! ஒரு வரியாவது சொல்லுங்கண்ணே!"